ஏழு மணி நேரத் தொலைவு

விமான டிக்கெட் போட்டுக் கொடுக்கும் அலுவலகத்தில் அவளுக்கு ‘நேரம் அக்கா’ என்று பெயர். ஆசியாவின் எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குக் கேட்டாலும், நேராகப் போனால் இவ்வளவு, நடுவில் மாறினால் இவ்வளவு என்று கணினியைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள். அவள் மட்டும் விமானம் ஏறியதில்லை. காது அடைக்கும் என்று சாக்குச் சொல்வாள், உண்மையில் பயம்.

அவளுடைய ஒரே தம்பி கண்டத்தின் மறுகோடியில் ஒரு பெருநகரத்தில் லிஃப்ட் மெக்கானிக். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு மேல். நேர் விமானத்தில் ஏழு மணி நேரம். அவன் கல்யாணம், குழந்தை எல்லாம் அவளுக்குப் போனில் வந்த செய்திகள்தான்.

ஒருநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, தம்பி கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான். வேலைச் சட்டை, கையெல்லாம் கிரீஸ், பெட்டி படுக்கை ஒன்றுமில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்தான். சொல்லாமல் கொள்ளாமல் இப்படியா வருவது என்று சந்தோஷத்தில் திட்டித் தீர்த்தாள். அவன் சிரிக்கவில்லை.

“அக்கா, அங்கேருந்து இங்க வர எவ்வளவு நேரமாகும்?”

“ஏழு மணி நேரம். வந்தவனுக்குத் தெரியாதா?”

“அவ்வளவு தூரமா? ஒரு மாடி இறங்கின மாதிரிதான் இருந்துச்சு.”

கேலி செய்கிறான் என்று நினைத்து, அவன் மனைவிக்குப் போன் போட்டாள். எடுத்தது தம்பி. இப்போதுதான் வேலை முடிந்து வந்தேன் என்றான். மின்சாரம் போய் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டானாம். இருட்டில் கொஞ்சம் மயக்கம், வேறொன்றுமில்லையாம். பின்னால் குழந்தை சிணுங்கிக்கொண்டிருந்தது.

“யாருகூடக்கா பேசற?” என்றான் எதிரில் இருந்தவன்.

போனில் “அக்கா, அங்க என் குரல் கேக்குது” என்றான் தம்பி.

எதிரில் இருந்தவன் எழுந்தான். கோபமில்லை, வழி தெரியாதவனின் முகம். “அப்ப நான் நடந்தே போயிடறேன்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினான். அவள் கூப்பிடவில்லை. சாப்பிட்டு வந்தவர்கள், நாற்காலியில் எவன் கிரீஸைத் தேய்த்தது என்று கத்தினார்கள்.

அந்த வாரமே அவள் முதன்முறையாக விமானம் ஏறினாள். அங்கே விமான நிலையத்துக்குத் தம்பி வந்து கூட்டிப்போனான். கை கால் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பான், வாய்க்குப் போகாது. மருத்துவர்களுக்கே ஒன்றும் புரியவில்லை என்று அவன் மனைவி அழுதாள்.

“நான் இன்னும் முழுசா வந்து சேரலக்கா” என்றான் ஒருநாள், வாசலைப் பார்த்தபடி.

அவள் விடுப்பை நீட்டினாள், இன்னும் நீட்டினாள். மாதங்கள் போயின. ஒரு விடியலில் யாரோ கதவைத் தட்டினார்கள். அவள் தடுப்பதற்குள் தம்பி போய்த் திறந்துவிட்டான். வெளியே ஆளில்லை. கதவைச் சாத்திவிட்டு, கால் வலிக்கிறது என்று தரையில் உட்கார்ந்தான், பசிக்கிறது என்றான். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எதுவும் கேட்கவில்லை.