பாசியில் கிடைத்தவை

எண்பத்தொன்பதில், கிளர்ச்சியும் ஆள்கடத்தலுமாக இருந்த காலத்தில், சாண எரிவாயுக் குழிகளைப் பார்வையிடும் வேலை எனக்கு. நாவுல என்ற ஊருக்கு அப்பால் ஒரு குளக்கரையில் அவரைக் கண்டேன். மெலிந்த மனிதர், முழங்கால்வரை பச்சை அப்பியிருந்தது. குளத்துப் பாசியை வாரி, சாணத்தோடு கரைத்துக் குழியில் ஊற்றுவார். அந்த வாயுவில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

"பாசிய வாரினா மீனுக்கும் நல்லதுங்க சேர்," என்றார்.

ஆனால் வாரியதை அவர் நேரே குழியில் போடவில்லை. கரையில் விரித்து, பேன் பார்ப்பதுபோல் விரல்களால் துழாவினார். ஏன் என்று கேட்டேன். ஒரு பால்மா டின்னைத் திறந்து காட்டினார். உள்ளே நூலோடு பிய்ந்த சட்டைப் பொத்தான்கள். எல்லாம் வெள்ளை.

"ஆளுங்கள கொன்னு இந்தக் கொளத்துல போட்டுட்டுப் போறாங்க. மகனத் தேடி வர்ற தாய்மாருக்கு இதத்தான் காட்டுறேன். எல்லாம் ஒரே மாதிரி இருக்கு சேர், அவங்களுக்கு ஒண்ணும் வெளங்குறதில்ல."

நான் கிளம்பும்போது அவர் என் சட்டையையே பார்த்தார்.

"ஒரு பட்டன மட்டும் வேற கலர் நூல்ல தைச்சுக்குங்க சேர். வீட்டாளுங்களுக்கு அடையாளம் தெரியும்."

அன்று மாலை மனைவியிடம் சிவப்பு நூல் கேட்டேன். எதற்கு என்றாள். பொத்தான் தளர்ந்துவிட்டது என்றேன்.