வதனியும் அசையாத ஆட்களும்

பதுளை பஸாரில் ஹுமைத் முதலாளியின் ஸ்டூடியோவுக்குள் போனவர் யாரும் அசைந்ததில்லை. "தலைய தூக்குங்க, தோள இறக்குங்க, ரெண்டு காதும் தெரியணும், மூச்சு விடாதீங்க" என்று அவர் போடும் சத்தத்தில் வீறிட்டு அழுத பிள்ளையும் வாயை மூடிக்கொள்ளும். அப்படியும் போட்டோவில் கோணலாக விழுந்தவரை நிமிர்த்துவதற்குக் கணினி முன்னால் வதனி இருந்தாள்.

வதனி தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பெண். ஐடென்டிட்டி கார்டுக்கு எடுத்த படத்தில் முகப்பருவை அழிப்பது, பெனியனோடு வந்தவருக்குக் கோட்டு மாட்டிவிடுவது, சரிந்த தோளைச் சமன் செய்வது எல்லாம் அவள் வேலை. கோட்டையே கண்ணால் காணாத எத்தனையோ பேர் அவள் புண்ணியத்தில் கோட்டும் சூட்டுமாக அரசாங்கக் கோப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். முதலாளிக்கோ மௌஸைப் பிடிக்கவே வராது. அவள் ஒருநாள் லீவு போட்டால் கடையும் லீவு.

2006 இல் கொழும்பில் கார்ட்டூன் படம் செய்யும் நிறுவனம் ஒன்று ஆள் தேடியது. விளம்பரத்தைப் பார்த்த நிமிடத்திலிருந்து வதனிக்குச் சோறு இறங்கவில்லை. இனி வாழ்ந்தால் அந்த வேலையில்தான் என்று முடிவு கட்டிவிட்டாள். அவர்கள் கேட்டது ஒன்றுதான். ஒரே ஆள் அசைவதை நேரில் பார்த்து, அரை நிமிடத்துக்கு ஒன்றாகப் பல படங்களைக் கணினியிலேயே வரைந்து, மாதம் முடியுமுன் சீடியில் அனுப்ப வேண்டும். கண்ணும் மூக்கும் தேவையில்லை. உடம்பு எந்தப் பக்கம் சாய்கிறது, பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பது நாலு கோட்டில் தெரிந்தால் போதும்.

நாலு கோடுதானே என்று வதனி நினைத்தாள். கலியாண அல்பத்தில் பெயர் எழுத முதலாளி வாங்கி, எழுத வராமல் மேசைக்கடியில் எறிந்திருந்த, கணினியோடு இணைக்கும் வரைபலகையையும் அதன் பேனாவையும் தூசி தட்டி எடுத்தாள். பஸ்ஸுக்கு ஓடிய ஒரு மனிதரைக் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்து வரைந்தாள். வரைந்து முடித்துப் பார்த்தால், ஓடுகிற மனிதர் நேராகக் கடையைப் பார்க்கிறார், தோள் இரண்டும் மட்டம் வைத்தது போல் இருக்கிறது, காது இரண்டும் பளிச்சென்று தெரிகிறது! கை பழகிய பழக்கம். அழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். இந்த முறை அவருக்குக் கோட்டும் வந்துவிட்டது.

சரி, தெரிந்த ஆளை வைத்துப் பழகலாம் என்று, சோறு கொண்டுவந்த அம்மா நல்லம்மாவைப் பிடித்து நிறுத்தினாள்.

"அம்மா, மலையில கொழுந்து எடுப்பியே, அந்த மாதிரி கைய ஆட்டு."

நல்லம்மா தோட்டம் பார்க்க வரும் வெள்ளைக்காரர்களின் கமெராவுக்குப் பழகியவள். இல்லாத கொழுந்தை இரண்டு விரலுக்கிடையில் பிடித்து, தலையைச் சரித்து, பல் தெரியச் சிரித்து, அப்படியே சிலையானாள்.

"ஆட்டும்மா!"

"ஆட்டுனா படம் கலங்கிப்போயிரும்டி. எனக்குத் தெரியாதா?"

வாடிக்கையாளர்களும் அப்படித்தான். வதனி பேனாவைத் தூக்கியதும் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். ஸ்பிரிங்வெளியிலிருந்து வந்த ஒருவர் முகம் கறுத்துப்போகும்வரை பிடித்துவிட்டார். பாவம், தண்ணீர் கொடுத்து அனுப்ப வேண்டியதாயிற்று. மாதமும் முடிந்துகொண்டு வந்தது.

"கொழும்புல போய் என்ன செய்யப்போற மகள்? இங்க உனக்கு என்ன குறை?" என்று முதலாளி நாளுக்கொரு தடவை கேட்டார். அவர் கவலை அவருக்கு.

சீடி அனுப்ப ஒருநாள்தான் மிச்சம். அடை மழை. நல்லம்மா மலையிலிருந்து இறங்கிய கையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்காமல் கடைக்குள் வந்தாள். அந்தச் சாக்கிலிருந்து ஓர் அட்டைப்பூச்சி இறங்கி, முதலாளியின் சப்பாத்தில் ஏறி, கால்மேஸைத் தாண்டிக் கணுக்காலைத் தேடியது. தோட்டத்துச் சனம் அட்டையைச் சட்டை செய்யாது. டவுனில் பிறந்து வளர்ந்த ஹுமைத் முதலாளியோ குனிந்து பார்த்தார்.

"யா அல்லாஹ்!"

ஒரு கால் மேசைக்கு மேலே போனது. மற்றக் கால் எங்கே போனதென்று அவருக்கே தெரியாது. வதனியின் கை தன்பாட்டில் ஓடியது. நல்லம்மா இரண்டு விரலால் அட்டையைப் பிய்த்து வெளியே எறிந்தபோது, திரையில் ஐந்தே ஐந்து கோடுகளில் முதலாளி பறந்துகொண்டிருந்தார். முகமில்லை, காதில்லை, கோட்டில்லை. அத்தனை உயிர்!

ஆனால் ஒரு படம் போதாதே. இன்னொரு தடவை குதிக்கச் சொல்லிக் கெஞ்சினாள். முதலாளியும் மனமிரங்கிக் குதித்தார். இரண்டு கையையும் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு, பள்ளிக்கூட ட்ரில் மாதிரி. வதனி பேனாவை வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் நல்லம்மா ஒரு ஜாம் போத்தலோடு வந்து நின்றாள். உள்ளே நாலைந்து அட்டைகள் நெளிந்தன.

"யாரும்மா இதெல்லாம் கொண்டாரச் சொன்னது?"

"மொதலாளிதான். தோட்டத்துக் கடைக்குப் போன் போட்டு, நல்லா கொழுத்ததா பாத்துப் புடிச்சு வாங்கன்னாரு."

முதலாளி ஏற்கெனவே படம் எடுக்கும் ஸ்டூலில் உட்கார்ந்து, மேஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, இது சரியா வந்துச்சுன்னா நா போயிருவேனே."

"எனக்கு வெளங்காதா மகள்? பேனாவ எடு. நல்லம்மா, நீங்க மூடியத் திறங்க. கெதியா, எனக்குப் பயமா இரிக்கி."

மூடி முழுதாகத் திறக்கவில்லை, மனிதர் ஸ்டூலுக்கு மேல் நின்றார். அடுத்து விளக்குத் தாங்கியைக் கட்டிப்பிடித்தார். அப்புறம் திரைச்சீலைக்குள் சுருண்டு, மறுபக்கத்தால் ஒற்றைக் காலில் வெளியே வந்தார். வாசலில் கூட்டம் கூடிவிட்டது. வதனி சிரித்தாள், மூக்கை உறிஞ்சினாள், கண்ணைத் துடைக்க நேரமில்லாமல் வரைந்துகொண்டே இருந்தாள்.

வேலை கிடைத்தது. முதல் நாளே கொழும்பில் அந்தப் படங்களைச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். இவ்வளவு அருமையாக ஆடுகிறாரே, டான்ஸ் மாஸ்டரா என்று ஒருவர் கேட்டார்.

"இல்லங்க, எங்க மொதலாளி" என்றாள் வதனி.