ஸ்ரனிஸ்லஸின் சில்லு வீடு

பேய், பிசாசு என்று கதை கொண்டு வருகிறவர்களை நான் கராச் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவேன். முப்பது வருசமாக எஞ்சின்களோடு மல்லுக்கட்டுகிறவன் நான். சத்தம் கேட்டால் எங்கேயோ ஒரு ஆணி கழன்றிருக்கிறது, அவ்வளவுதான். ஆனபடியால் புனிதம் ஒருநாள் விசுவமடுவில் என் கராச்சுக்கு வந்து, "அப்புத்துரை அண்ணை, அந்த பஸ்சுக்கை உச்சி நேரத்திலை ஆரோ தட்டுகினம். மூண்டு தரம்" என்று சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

"வெக்கைக்குப் பலகை வெடிக்கும் பிள்ளை. போய்ச் சோத்தைக் காய்ச்சு."

"பலகை எண்ணி எண்ணித் தட்டுமோ அண்ணை?" என்று கேட்டுவிட்டு அவள் போனாள்.

புனிதம் ஸ்ரனிஸ்லஸின் மனைவி. இரண்டு பேரும் நாயாற்றுக் கடற்கரை ஆட்கள். தொண்ணூறில் சண்டை தொடங்கிய பிறகு கடலுக்குப் போக வழியில்லை, பிறகு கரையில் இருக்கவே வழியில்லை. இடம்பெயர்ந்த சனம் கோழியைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஸ்ரனிஸ்லஸ் கோழிக்கூட்டையே ட்ரக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். அந்தக் கோழிக்கூடுதான் இந்த பஸ். எழுபதுகளில் ஒரு வெள்ளைக்காரச் சோடி நாயாற்றுக்கு ஓட்டி வந்து, பழுதானதும் அவன் தகப்பனிடம் விட்டுவிட்டுப் போன கொம்பி. உள்ளேயே படுத்து, உள்ளேயே சமைத்து, ஊர் சுற்றுவதற்கென்று செய்த வண்டி. இருபது வருசம் அதில் கோழி முட்டையிட்டது.

"இதை ஓட வைக்கலாமோ அண்ணை?" என்று அவன் கேட்டபோது, விசரனோ என்று நான் நேரேயே கேட்டேன். பெற்றோலைக் கண்ணால் காணாத காலம். ஆனால் அவன் விடுகிற ஆளில்லை. மூன்று வருசம் என் பின்னாலேயே திரிந்தான். எஞ்சினை நான் மண்ணெண்ணெய்க்குப் பழக்கினேன். உள்வேலை முழுவதும் அவனே செய்தான். சமைக்க ஒரு சின்னக் குசினி, ஒரு அலுமாரி, புனிதத்தின் பழஞ்சேலையில் திரை, பின்பக்கம் ஒரு கட்டில். எல்லாவற்றுக்கும் படகுக்குப் பூசி மிஞ்சிய நீலப் பெயின்ற். கட்டிலின் பக்கச் சட்டம் நல்ல பாலை மரம், ஆனால் கொப்புளம் போட்டதுபோல அங்கங்கே மேடு. சுரண்டாமல் பூசியிருக்கிறாயே சோம்பேறி என்று நான் பேசினேன். வழக்கமாக வாய்க்கு வாய் காட்டுகிறவன், அன்றைக்குத் தூரிகையைக் கழுவப் போய்விட்டான். எனக்கு அப்போதே பொறி தட்டியிருக்க வேண்டும்.

அந்தக் கட்டிலில் புனிதம் இரண்டு நாள்தான் படுத்தாள். மூன்றாம் நாள் பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்துக் கொட்டிலுக்குப் போய்விட்டாள். ஸ்ரனிஸ்லஸ் மெலிந்தான். மத்தியானமானால் பஸ்சை விட்டு இறங்கி வந்து என் கராச்சில் குந்திவிடுவான்.

தொண்ணூற்றொன்பது பங்குனியில், "அண்ணை, இதை வித்துத் தாங்கோ. இப்ப கரைக்குச் சனம் திரும்பீட்டுது, வித்தால் நாயாத்திலை ஒரு படகு எடுக்கலாம். படகில்லாட்டி நான் இஞ்சையே செத்துப்போவன்" என்றான். சும்மா சொல்கிற சொல்லாக அது எனக்குப் படவில்லை. அவனுடைய கழுத்தெலும்பைப் பார்த்தவன் நான்.

வன்னியில் பஸ்சுக்குள் குடியிருக்க ஆர் வருவார்கள் என்று நினைத்தேன். வந்தா ஒருத்தி. அக்கராயனில் கொட்டில் போட்டு இருந்த விமலேஸ்வரி. ஐம்பது வயதிருக்கும், நெற்றி நிறையக் குங்குமம். கிளிநொச்சிப் பக்கம் கனகபுரத்தில் வயலும் கல்வீடுமாக இருந்தவா. கனடாவிலிருந்து தம்பி காசு அனுப்பியிருக்கிறான்.

"அஞ்சு தரம் வீட்டை விட்டு எழும்பீட்டன் அண்ணை. இனி வீடு கட்டமாட்டன். சில்லுப் பூட்டின வீடெண்டால் வாங்குவன்" என்றா. எனக்கு அந்தக் கதை பிடித்துக்கொண்டது. அடுத்த நாளே கூட்டிவந்தேன். விலையும் பொருந்திவிட்டது. ஸ்ரனிஸ்லஸின் முகத்தில் பல மாதத்துக்குப் பிறகு சிரிப்பைக் கண்டேன்.

கடைசியாக ஒருக்கால் உள்ளே பார்க்கிறேன் என்று விமலேஸ்வரி ஏறினா. நானும் ஸ்ரனிஸ்லஸும் கதவடியில் நின்றோம். அவா கட்டிலில் குந்தி, இரண்டு கையாலும் சட்டத்தைப் பிடித்தா. விரல்கள் அந்த மேடுகளின் மேல் போய் நின்றன. பிறகு நகத்தால் பெயின்றைச் சுரண்டத் தொடங்கினா. நீலம் உரிந்தது. உள்ளே வெள்ளையாக, கட்டியாக, சுண்ணாம்பு.

"என்ரை மனிசன் வெத்திலை போட்டால் மிச்சச் சுண்ணாம்பை எங்கடை வாசல் நிலையிலைதான் தேய்ப்பார்" என்று அவா மெல்லச் சொன்னா. "இருவது வருசம் நான் இதுக்குச் சண்டை பிடிச்சனான்."

அந்தச் சட்டம் அவா வீட்டு வாசல் நிலை. நிலை என்றால் எங்கள் சனத்துக்கு வெறும் மரமில்லை. நாள் பார்த்து, மஞ்சள் பூசி, கும்பிட்டு நிறுத்துவது. சனம் விட்டுப்போன வீட்டில் கூரை ஓடு கழற்றுகிறவன்கூட நிலையில் கை வைக்க யோசிப்பான். கடற்கரையில் பிறந்த ஸ்ரனிஸ்லஸுக்கு அது நீளமான, நல்ல வைரம் பாய்ந்த பலகை. அதை வெட்டிக் கட்டில் செய்திருக்கிறான். நானும் எத்தனை பின்னேரம் அதில் முதுகை நிமிர்த்தியிருக்கிறேன்.

அவா ஏசவில்லை. ஸ்ரனிஸ்லஸைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டா.

"தம்பி, நீங்கள் கழட்டப் போகேக்கை கதவிலை ஆமைப்பூட்டுத் தொங்கினதோ?"

பிறகு காரணத்தையும் அவாவே சொன்னா. தொண்ணூற்றாறில் சண்டை ஊருக்குள் வந்தபோது வெளியே பூட்டிவிட்டுத்தான் ஓடினார்கள். மூன்றாம் நாள் அவாவின் மனிசன் வீரகத்தி, கட்டி வைத்த பசுவை அவிழ்த்துவிட்டு வாறன் என்று பூட்டின் திறப்பையும் எடுத்துக்கொண்டு திரும்பிப் போனார். அதோடு சரி. பூட்டுத் தொங்கினால் அவர் வீட்டுக்குப் போய்ச் சேரவில்லை. வழியில் ஆரும் பிடித்திருக்கலாம், எங்கேயாவது அடைபட்டிருக்கலாம், உயிரோடு இருக்கலாம். அந்தக் குங்குமம் முழுக்க அந்தப் பூட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

ஓம் என்று சொல்லடா, நான் மனதுக்குள் மன்றாடினேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், பொய் சொல்லத்தான் மன்றாடினேன். ஒரு சொல். அவாவுக்கு மனிசன் மிஞ்சுவார், அவனுக்குப் படகு மிஞ்சும்.

ஸ்ரனிஸ்லஸ் பஸ்சின் படியில் குந்திவிட்டான்.

"பூட்டில்லை அக்கா. உள்ளுக்குத் தாழ் போட்டிருந்தது."

விமலேஸ்வரி சட்டத்திலிருந்து கையை எடுத்தா.

"ஆளில்லாத வீடெண்டு தெரியும். எண்டாலும் பிறத்தியார் வீடெல்லோ, மூண்டு தரம் தட்டினனான். நல்ல உச்சி நேரம். பிறகுதான் நெம்பித் திறந்தனான். அவர் கதவோடை சாஞ்சபடி இருந்தவர். எலும்பும் கட்டின சாரமும்தான். காலிலை துணி சுத்திக் கட்டியிருந்தது. நான் தட்டினது அவரின்ரை முதுகிலை அக்கா." அவன் தட்டிய கையைத் தொடையில் தேய்த்தான். "பேர் தெரியாது, ஆரிட்டைச் சொல்லுறதெண்டும் தெரியேல்லை. மாமரத்துக்குக் கீழை புதைச்சிட்டு, செபம் சொல்லி, ஒரு குருசு கட்டி நட்டனான். எனக்குத் தெரிஞ்சது அதுதான்."

"அந்தக் குருசோ?" என்றா விமலேஸ்வரி.

பிறகு என் பக்கம் திரும்பி, ஏதோ நான்தான் நியாயம் சொல்ல வேண்டும் என்பதுபோலச் சொன்னா. "நான் போனனான் அண்ணை, போன மாரியிலை. ஓடுமில்லை, நிலையுமில்லை. மாமரத்தடியிலை குருசைக் கண்டனான். ஆரோ வேதக்காரப் பெடியனாக்கும், தாய் எங்கை இருந்து தேடுறாளோ எண்டு நினைச்சு, ஒரு செம்பரத்தம்பூப் புடுங்கி வைச்சிட்டு வந்திட்டன். அவரை விட்டிட்டு வந்திட்டன்."

அதற்குப் பிறகுதான் அழுதா. பொழுது சாயும்வரை அந்தக் கட்டிலை விட்டு எழும்பவில்லை. வெளியே கொட்டிலடியில் புனிதமும் அழுதுகொண்டிருந்தாள். நான் ஒரு பக்கமாகப் போய் நின்று பீடி பற்ற வைக்கப் பார்த்தேன், பற்றவில்லை.

காசு வேண்டாம், வண்டியை எடுத்துக்கொண்டு போங்கோ என்று ஸ்ரனிஸ்லஸ் கெஞ்சினான். "சும்மா தந்தால் தொடமாட்டன். பேசினது பேசினதுதான். ஆனால் கனகபுரத்து மாமரத்தடியிலை கொண்டுவந்து விடவேண்டியது நீங்கள்" என்றா விமலேஸ்வரி.

கனகபுரத்தில் அந்த வீட்டு வளவை மிதிவெடி பார்த்துத் துப்புரவாக்க மாதங்கள் போயின. பிறகு அவன் ஓட்ட, நான் பக்கத்தில் இருக்க, பஸ்சைக் கொண்டுபோய் மாமரத்தடியில் நிறுத்தினோம். குருசைக் கழற்றட்டோ என்று அவன் கேட்டான். "நிக்கட்டும். இவ்வளவு காலமும் அவருக்குத் துணையா நிண்டது அதுதானே" என்று சொல்லி, அவா அதற்கு மூன்று குறி திருநீறு பூசினா. நெற்றியில் அன்றைக்கு அவாவுக்கும் திருநீறு மட்டும்தான். ஸ்ரனிஸ்லஸ் நாயாற்றுக்குப் போனான். படகு எடுத்தான். புனிதம் அவனோடு போனாள்.

அடுத்த ஆண்டு எஞ்சினைப் பார்க்கச் சொல்லி விமலேஸ்வரி ஆள் அனுப்பினா. நான் போய்ப் பின்மூடியைத் திறந்து தலையை உள்ளே விட்டிருந்தேன். நல்ல வெயில். அவா மரத்தடியில் சுளகில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. பஸ்சுக்குள் ஒருத்தரும் இல்லை, அதை நானே பார்த்தேன்.

மூன்று தரம் தட்டிக் கேட்டது. அவசரமில்லாமல், மரியாதையாக, பிறத்தியார் வீட்டில் தட்டுவதுபோல.

"இந்தா வாறன்" என்றா விமலேஸ்வரி. சுளகை வைத்தா, கையைச் சேலையில் துடைத்தா, போய் பஸ் கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் செய்கிற வேலைபோலத் திரும்பி வந்து அரிசியை எடுத்தா. நான் பலகை, வெக்கை என்று எதுவும் சொல்லவில்லை.

அந்த மாதமே நாயாற்றுக்குப் போனேன். ஸ்ரனிஸ்லஸ் கரையில் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தான். ஆள் சதை வைத்திருந்தான். கடல் எப்படி, மீன் எப்படி என்றெல்லாம் கதைத்தோம். நான் வெளிக்கிடும்போது, தலையை நிமிர்த்தாமல் கேட்டான்.

"அங்கை இன்னும் தட்டுதோ அண்ணை?"

"தட்டுது."

"அவா திறக்கிறவாவோ?"

"ஓம். ஒவ்வொரு நாளும் திறக்கிறவா."

அவன் வலையைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான்.