கிழக்கே கடல்

யுத்தம் முடிந்த மறுவருஷம், புன்னைக்காயலில் இருக்கும் மகளோடு போய் இருந்துவிடலாம் என்று தூத்துக்குடி வீட்டை விற்க நினைத்தேன். புருஷன் இல்லாதவள் தனியாக விற்கிறாள் என்றால் ஏமாற்றத்தானே பார்ப்பார்கள்? தரகரை நம்பாமல் நானே பேசினேன்.

வாங்க வந்தவர் ஒரு உப்பு வியாபாரி. நான் சொன்ன விலைக்கு மறுபேச்சே பேசவில்லை. அதுவே எனக்கு உறுத்தியது. அவர் முத்திரைத்தாளில் எழுதிக்கொண்டு வந்த பத்திரத்தை எழுத்துக்கூட்டி வாசித்தேன். பேர், விலை எல்லாம் சரி. பேனாவை எடுத்த பிறகும் மனசு கேட்கவில்லை. வீட்டின் நான்கெல்லையை மறுபடி வாசித்தேன். ‘கிழக்கே கடல்’ என்றிருந்தது.

என் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு சந்து உண்டு. தெருக்காரர்கள் வலை சுமந்து போக அது ஒன்றுதான் வழி. இப்படி எழுதினால் அதுவும் வீட்டோடு சேர்ந்து அவருக்குப் போய்விடும்.

“சந்து எங்கன போச்சு, அண்ணாச்சி?”

“உப்பு மூட்டை அடுக்கக் கிட்டங்கி கட்டணும்மா. உங்களுக்கு என்ன நட்டம்? பணம் முழுசா வருதுல்லா?” என்று சிரித்தார்.

கையெழுத்தைப் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது. அப்போது பக்கத்து வீட்டு சேவியர் ஈரவலையோடு சந்தில் ஏறி வந்துகொண்டிருந்தான். பேனாவைக் கீழே வைத்தேன்.

“‘கிழக்கே சந்து’ன்னு மாத்தி எழுதிக் கொண்டு வாங்க. கையெழுத்துப் போடுதேன்.”

அவர் திரும்ப வரவேயில்லை. வெகுநாள் கழித்து, ஒரு தோணிக்காரர் குறைந்த விலைக்கு வாங்கினார்.

அந்தப் பத்திரத்தில் எனக்கு எதிராக ஒரு எழுத்துகூட இல்லை. என்னை ஏமாற்றுகிறார்களா என்று மட்டும்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் பகீரென்கிறது.