செம்புக் கம்பியின் அடுப்பு

எனக்கு எழுபத்தாறு வயது. நாலு பேரை வளர்த்தேன். நாலும் மானத்தோடு நிற்கிறது. கையெழுத்துப் போடும் அளவுதான் எனக்கு எழுத்து. நான் சொல்லச் சொல்ல, மூத்தவன் மகள் எழுதுகிறாள்.

கோவில்பட்டிக்குத் தெற்கே, மானாவாரிக் காட்டை ஒட்டி எங்கள் வீடு. இரண்டாயிரம் பிறந்து சில வருசத்தில் கடைக்குட்டி மகள் சென்னைக்கு ஆராய்ச்சிக்குப் போனாள். கம்ப்யூட்டர் சில்லுக்குள் இருக்கும் செம்புக் கம்பி எத்தனை காலம் தாங்கும் என்று பார்க்கிற வேலை. கம்பி தலைமுடியைவிட மெல்லிசாம். கரண்டு ஓட ஓட, ஓடைத்தண்ணீர் கரையை அரிப்பதுபோல, செம்பு இம்மி இம்மியாக நகர்ந்து, ஓரிடத்தில் பள்ளம் விழுந்து அறுந்துபோகுமாம். வருசக்கணக்கில் நடப்பதைச் சீக்கிரம் பார்க்க, கரண்டு அடுப்பில் வைத்துச் சூடேற்றுவார்கள். நடுவில் அணைத்தால் மாதக்கணக்கான பாடு வீண்.

அடுப்பு எரிந்துகொண்டிருந்தபோதுதான் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். மகள் போட்டது போட்டபடி வந்து சேர்ந்தாள். சாம்பல் அள்ளிக் காடாத்து முடியும்வரை துக்க வீட்டில் அடுப்பு பற்றவைக்க மாட்டோம். பக்கத்து வீட்டுச் சோறுதான். எப்போது திரும்புவாய் என்று யாரோ கேட்க, அங்கே அடுப்பு எரிகிறது, காடாத்து முடிந்ததும் போக வேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். அவருடைய அக்கா, எனக்கு மதினி, அதைப் பிடித்துக்கொண்டார்.

"ஏட்டி, இங்கன அடுப்புல பூனை படுத்துக் கெடக்கு. அங்கன ஒன் அடுப்பு எரியுதாக்கும்? போன் போட்டு அணைக்கச் சொல்லு."

மகள் எழுந்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு டெலிபோன் பூத்துக்குக் கிளம்பினாள். நான் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அது சோறு பொங்குத அடுப்பில்ல மதினி. எரியட்டும்."

"எழுத்து வாசன தெரியாதவ, நீ என்னத்தக் கண்ட?"

"ஒண்ணும் காணல. ஒங்க தம்பிதான் அவள அதுக்கு அனுப்பி வச்சாரு. அவரு அனுப்புனத நான் அணைக்க மாட்டேன்."

மதினி முந்தானையை உதறிக்கொண்டு போனவர்தான். பதினாறாம் நாள் விசேசத்துக்கும் வரவில்லை. அப்புறம் எங்கள் வாசலை மிதிக்கவே இல்லை.

மாசம் சில கழித்து மகள் போனில் கூப்பிட்டாள். கம்பிகள் ஒவ்வொன்றாக அறுகிறதாம். அவள் கணக்குப் போட்டு வைத்த மாதிரியே அறுகிறதாம். குரலில் அத்தனை சந்தோசம். நல்லது என்று சொல்லிப் போனை வைத்தேன். திரும்பிப் பார்த்தால் சொல்வதற்கு வீட்டில் ஆளில்லை.

மதினி இறந்ததை எங்களுக்குச் சொல்லிவிடவில்லை. கயத்தாறு பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டதில் தெரிந்தது. அப்போதுகூட, நான் சொன்னது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. அழுகை மட்டும் வந்தது.

போதும் தாயி, எழுதினதை வாசி. மதினி வருகிற இடத்தை மெதுவாக வாசி.