முப்பத்தைந்து கிலோ கார்டு

திருவண்ணாமலையில் காவி கட்டியிருந்தால் அன்னதான வரிசையில் யாரும் ஊர் பேர் கேட்பதில்லை. எட்டாம் வகுப்போடு நின்று ஊர் ஊராகச் சுற்றியவனுக்கு அது பெரிய வசதி. பக்தி கிக்தி ஒன்றும் கிடையாது. அந்தக் காவியோடும் தாடியோடும்தான் மூன்று வருடத்துக்கு முன்பு ஊரை ஒட்டிய வேங்கிக்காலில் அம்மா வீட்டுக்குப் போனேன்.

அம்மாவுக்குக் கை நடுக்கம் வந்து, மல்லாட்டைக் கடலை உரிக்கும் வேலை போயிருந்தது. ரேஷனில் மாதம் முப்பத்தைந்து கிலோ அரிசி கிடைக்கும் கார்டுக்கு எழுதிக் கொடுத்திருந்தாள். ஆதரவு இல்லாத வயதானவர்களுக்கு உண்டு. சம்பாதிக்கும் வயதில் பிள்ளை இருந்தால் கிடையாது. அந்தப் பிள்ளையால் ஒரு வேளைச் சோறு வந்ததில்லை என்று எழுத பாரத்தில் இடம் இல்லை.

உலை கொதித்துக்கொண்டிருந்தபோது கார்டு விசாரணைக்கு வந்தவர் வாசலில் வண்டியை நிறுத்தினார்.

"இவரு யாரும்மா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "யாரோ சாமிங்க. கிரிவலம் வந்தவரு. சோறு கேட்டாரு."

"உனக்கே இல்ல, இதுல அன்னதானம் வேறயா?" சிரித்துக்கொண்டே பாரத்தை எடுத்தார். "புள்ளைங்க?"

"ஒரு பையன் இருந்தான் சார். சின்ன வயசுலயே செத்துட்டான்."

எழுதிக்கொண்டார். பிறகு அம்மாவை வீட்டு முன்னால் நிற்கவைத்துப் போனைத் தூக்கினார். "சாமி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோல விழறீங்க."

தள்ளி நின்றேன்.

அவர் கிளம்புகிற மாதிரி இல்லை. அம்மா சோற்றைத் தட்டில் போட்டு வாசலுக்கே கொண்டுவந்தாள். "சாப்ட்டுட்டு கெளம்புங்க சாமி." அதுவரை என்னை வாடா போடா என்று மட்டுமே பேசியவள். துவையல் மட்டும் இரண்டு பங்கு வைத்திருந்தாள். சாமியார்கள் எல்லாப் பெண்களையும் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நானும் கூப்பிட்டிருந்தால் அவருக்குச் சந்தேகம் வந்திருக்காது. எனக்கு வாய் வரவில்லை. தட்டைக் கழுவி வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.

இரண்டு மாதம் கழித்து போன் செய்தாள்.

"கார்டு வந்துடுச்சுடா. அரிசி கொஞ்சம் பழசுதான், நல்லா களைஞ்சா பரவால்ல."

"வரட்டுமாம்மா?"

"வராத. எதிர் வூட்டுக்காரிக்கு கெடைக்கல. உன்னப் பாத்துட்டா மனு எழுதிப் போட்டுடுவா." பிறகு அவளே கேட்டாள். "முப்பத்தஞ்சு கிலோவ நான் ஒருத்தி இன்னாடா பண்ணுவேன்?"

பௌர்ணமிக்கு ஊருக்கு வருகிறேன். மலையைச் சுற்றும் பாதையில் கொடுக்கிற பொட்டலத்தை வாங்கித் தின்கிறேன். வேங்கிக்கால் பக்கம் போவதில்லை. போன் மட்டும் செய்வேன். போன வாரமும் செய்தேன். அவளுக்குப் பக்கத்தில் வேறு ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"ராங் நம்பருங்க" என்றாள் அம்மா. ஆனால் வைக்கவில்லை. அவள் மூச்சு விடுவது கேட்டுக்கொண்டே இருந்தது. நான்தான் வைத்தேன்.