விரலுக்கு மசியாத எழுத்து

இணையப் பக்கம் செய்து கொடுக்கும் தொழிலில் நிறத்துக்காக வரும் சண்டை ஒரு வாரத்தில் ஓயும், படத்துக்காக வரும் சண்டை ஒரு மாதத்தில் ஓயும், எழுத்தின் அளவுக்காக வரும் சண்டை மட்டும் ஓயவே ஓயாது. கொருக்குப்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் உட்கார்ந்து பத்து வருஷமாக இந்த வேலைதான் பார்க்கிறேன். கூட்ஸ் வண்டி போனால் மேஜை ஆடும், அது பழகிவிட்டது. "கொஞ்சம் பெருசு பண்ணும்மா", "கொஞ்சம் சின்னது பண்ணும்மா" இரண்டும் இன்னும் பழகவில்லை. இதே நுகத்தடியில் கழுத்தைக் கொடுத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் என்னோடு சேர்ந்து ஒரு பெருமூச்சு விடுங்கள்.

கல்லாவிலிருந்து தெரியணும்

ராயபுரத்தில் படகு இன்ஜினுக்கு உதிரி பாகம் விற்கும் ஜோசப் அண்ணன் கடைக்குப் பக்கம் செய்து கொடுத்தேன். எழுத்து சின்னதாக இருக்கிறது என்றார், பெரிதாக்கினேன். இன்னும் சின்னது என்றார், இன்னும் ஏற்றினேன். நான்காவது முறை நேரில் போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரிந்தது. கம்ப்யூட்டர் கடையின் அந்தக் கோடியில் இருக்கிறது. அண்ணன் இந்தக் கோடியில் கல்லாவில் உட்கார்ந்தபடி அங்கிருந்தே படிக்கப் பார்க்கிறார்.

இப்படியே ஏற்றிக்கொண்டு போனால் ஃபோனில் பார்க்கிறவனுக்குத் திரையில் ஒரு வார்த்தைக்கு மேல் அடங்காது என்று காட்டினேன். 'புரொப்பெல்லர்' என்பதே இரண்டு வரியாக உடைந்து நின்றது. அண்ணன் அசரவில்லை. "ஃபோன்ல பாக்கறவன் ஃபோன கொஞ்சம் தள்ளிப் புட்ச்சிக்கினு பாக்கட்டும். நான் இன்னா, கல்லாவ வுட்டு எழுந்தா வர முடியும்?"

ஸ்கேல்

காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருக்கும் தனலட்சுமி அக்கா இன்னொரு ரகம். தன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, பிள்ளையின் பள்ளிக்கூட ஸ்கேலைத் திரையில் வைத்து அளந்தார். ஃபேக்டரி கம்ப்யூட்டரில் கம்பெனி பெயர் இரண்டு சென்டிமீட்டர் உயரம், வீட்டு லேப்டாப்பில் ஒன்றரை, ஃபோனில் அரை. ஒரு சாமானுக்கு மூன்று அளவா என்று கேட்டு வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

ஒவ்வொரு திரைக்கும் அளவு மாறும், பார்க்கிறவர் தன் ஃபோனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருந்தால் இன்னும் மாறும், மாறத்தான் வேண்டும் என்று அரை மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். "ஃப்ளெக்ஸ் கடக்காரன் ஆறடின்னா ஆறடி அடிச்சித் தர்றான். நீ இன்னாம்மா, வூட்டுக்கு வூடு ஒரு அளவு குடுக்கற?"

பூட்டு

இந்த இரண்டு பேரோடும் மல்லுக்கட்டி ஓய்ந்துபோய்த்தான் அந்த முடிவுக்கு வந்தேன். இனி எழுத்தின் அளவை நானே முடிவு செய்து பூட்டிவிடுவது, யாரும் கை வைக்க முடியாதபடி. அது எவ்வளவு பெரிய மடத்தனம் என்று அப்போது தெரியவில்லை.

அடுத்து வந்தவர் காதர் பாய். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் வழியில் கன்டெய்னர் யார்டு வைத்திருக்கிறார். டிரெய்லர் ஓட்டுகிறவர்கள் தங்கள் வண்டி எந்த கேட்டில், எத்தனை மணிக்கு உள்ளே வர வேண்டும் என்று பார்க்க வாசல் நோட்டீஸ் போர்டில் முட்டி மோதுவார்கள். அந்தப் பட்டியல் அப்படியே அவர்கள் ஃபோனில் வர வேண்டும், நாற்பது வண்டியும் ஒரே திரையில் தெரிய வேண்டும் என்றார் பாய்.

எழுத்தைப் பொடியாக்கினேன். கட்டங்களின் அகலத்தையும் உயரத்தையும் நிலையாக வைத்தேன். விரலால் இழுத்துப் பெரிதாக்கினால் கட்டம் கலைகிறதே என்று, பெரிதாக்கவே முடியாதபடி நிரலில் ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். ஆறு மாதம் ஓடியது. ஒரு டிரைவர்கூடக் குறை சொல்லவில்லை. நானும் போகிற இடமெல்லாம் இதைச் சொல்லிப் பீற்றிக்கொண்டேன். முதல் நாள் பாய் விரலை வைத்து இழுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "மாஷா அல்லா, ஒரு எழுத்து கூட நவுராம கீது. போர்டுல ஆணி அடிச்ச மாதிரியே செஞ்சிட்டியேம்மா!"

மூன்று மணி, இரண்டாவது கேட்

ஒரு நாள் பாயிடமிருந்து அவசரமாக ஃபோன் வந்தது. சேகர் என்று ஒரு டிரைவர், வியாசர்பாடிக்காரர், இருபது வருஷமாக டிரெய்லர் ஓட்டுகிறவர், தன் முறையைத் தவற விட்டுவிட்டார். அவருடைய சரக்கு காட்டுப்பள்ளி துறைமுகத்தில் கப்பலைப் பிடிக்கவில்லை. டிரான்ஸ்போர்ட் கம்பெனி மேனேஜர் வந்து உட்கார்ந்துகொண்டு அவரை வண்டியிலிருந்து இறக்கப்போவதாகச் சொல்கிறார். பக்கத்தில் மூன்று மணி, இரண்டாவது கேட் என்றுதான் இருந்தது என்று சேகர் சாதிக்கிறார். பக்கம் சரியாகத்தான் இருந்தது என்று நான் வந்து நிரூபிக்க வேண்டுமாம்.

என் பக்கத்தில் தப்பா? வரிந்துகட்டிக்கொண்டு போனேன். லேப்டாப்பைத் திறந்து பதிவைக் காட்டினேன். காலை ஒன்பது மணிக்குப் போட்ட பட்டியலில் அவருக்கு மூன்று மணி, இரண்டாவது கேட். கப்பல் நேரம் முன்னால் வந்ததால் பத்தரைக்கு அதைப் பன்னிரண்டு மணி, நான்காவது கேட் என்று யார்டில் மாற்றியிருக்கிறார்கள். பக்கமும் அந்த நொடியே மாறியிருக்கிறது. எல்லோரும் சேகர் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். காக்கிச் சட்டையில் வியர்வை ஊறி நின்றிருந்தார். "பன்னண்டு மணி ஆவறதுக்கு முன்னாடி கூட எடுத்துப் பாத்தேம்மா, மூணு மணின்னுதான் இருந்திச்சு. பொய் சொல்லி எனக்கு இன்னா ஆவப்போது?"

எடுத்துப் பார்த்தது

அவர் குரலில் இருந்தது பொய்யில்லை. "எப்படிப் பாத்தீங்கண்ணே, அப்படியே எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்றேன். ஃபோனை எடுத்தார். பக்கத்தைத் திறக்கவில்லை, ஃபோட்டோ இருக்கும் இடத்தைத் திறந்தார். ஒன்பதரைக்குப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறார். அந்தப் படத்தில் இரண்டு விரலை வைத்து இழுத்தார். எழுத்து பெரிதாக வந்தது. மூன்று மணி, இரண்டாவது கேட்.

"பக்கத்துல இஸ்தா பெருசாவ மாட்டேங்குதும்மா, ஃபோட்டோல இஸ்தா ஆவுது. எல்லாரும் அப்டிதான் பாக்கறோம்" என்றார். மாறாத படத்தை மறுபடி மறுபடி எடுத்துப் பார்த்துக்கொண்டு மனுஷன் வண்டிக்குள் காத்திருந்திருக்கிறார். மேனேஜர் அதற்குள், "பழைய ஃபோட்டோவப் பாத்தா அது உன் தப்புதானே?" என்று எழுந்துவிட்டார். பக்கம் ஏன் பெரிதாகவில்லை என்பது அந்த அறையில் என் ஒருத்திக்குத்தான் தெரியும். வாயை மூடிக்கொண்டிருந்தால் வேலை முடிந்தது, அடுத்த வருஷமும் யார்டு என் கையில் இருக்கும். ஒரு நிமிஷம் மூடிக்கொண்டுதான் இருந்தேன். அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

பிறகு சொல்லிவிட்டேன். பெரிதாக்க முடியாதபடி பூட்டியது நான்தான், அதனால்தான் இவர் ஃபோட்டோ எடுக்க வேண்டியதாயிற்று என்றேன். பாய் திட்டுவார் என்று நினைத்தேன். அவரோ மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஆணி அடிச்சது இந்தம்மா, சூப்பர்னு சொன்னது நானு. வண்டி சாவிய அவராண்டயே குடு."

டீக்கடை

மறுநாளே அந்த வரியை எடுத்தேன். எழுத்து அவரவர் ஃபோனில் வைத்திருக்கும் அளவுக்கு வளரும்படியும், எழுத்து வளர்ந்தால் கட்டமும் கூடவே வளரும்படியும் மாற்றினேன். நாற்பது வண்டி ஒரே திரையில் அடங்காது, கீழே தள்ளிக்கொண்டே போக வேண்டும். போர்டு மாதிரி இல்லையே என்று பாய்க்கு இன்னமும் ஒரு குறை. இந்த முறை என் மேஜையில் மட்டும் சரிபார்த்துவிட்டு விடவில்லை. யார்டுக்கு எதிரே உள்ள டீக்கடைக்குப் போய், சேகர் அண்ணன் ஃபோனில் எழுத்தை உச்ச அளவுக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தேன். அவர் வண்டி நம்பர், கேட், நேரம் மூன்றும் ஒன்றன் கீழ் ஒன்றாக முழுசாக வந்தன. ஓர் எழுத்துகூட வெட்டுப்படவில்லை.

சரிபார்க்கும்போது கைப்பையிலிருந்து படிக்கும் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். நாற்பத்து மூன்று வயது ஆகிறது. வாடிக்கையாளர் முன்னால் அதைப் போடுவதே இல்லை, டிசைன் செய்கிறவளுக்கே கண் தெரியவில்லை என்று ஆகிவிடுமே. சேகர் அண்ணன் அதைக் கவனித்தார். சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, தன் சட்டைப் பையிலிருந்து அதே மாதிரி ஒன்றை முக்கால்வாசி வெளியே இழுத்துக் காட்டி, உடனே உள்ளே தள்ளினார்.

"ஆறு மாசமா எழுத்து சின்னதா இருக்குன்னு ஒருத்தர் கூட ஏண்ணே சொல்லல?" என்று கேட்டேன். டீயைக் கீழே வைத்துவிட்டு, தணிந்த குரலில் சொன்னார்: "எழுத்து தெரிலன்னு சொன்னா, கண்ணு பூட்ச்சின்னு வண்டிய விட்டு எறக்கிடுவாங்கம்மா. தோ, அந்தப் பொகக் கூண்டு மேல குந்திகினு கீற காக்கா எனக்குத் தெரியுது, கையில கீறதுதான் தெரில, அத எவன் நம்புவான்?"

ஒருவர்கூடக் குறை சொல்லாத பக்கம் என்று ஆறு மாதமாக நான் பீற்றிக்கொண்டிருந்தது, குறை சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தவர்கள் மட்டுமே படித்துக்கொண்டிருந்த பக்கம்.